கதையின் கடிவாளம் யார் கையில்?

மருந்துக் கடையின் ஜன்னல் பலகைகள் பிய்ந்து விழுகின்றன. செத்த பிறகும் எழுந்து நடமாடும் பிணங்கள் உள்ளே கை நீட்டுகின்றன. ஒரு பக்கம் கார்லி என்ற பெண் நிருபர். பிணம் ஒன்று அவள் காலைப் பற்றிக்கொண்டது. மறுபக்கம் டக் என்ற இளைஞன். ஜன்னல் வழியே நீண்ட கைகள் அவனை வெளியே இழுக்கின்றன. இருவரும் அலறுகிறார்கள். ஒருவரைக் காப்பாற்றத்தான் நேரம் இருக்கிறது.

யாரைக் காப்பாற்றுவது?

சினிமாவாக இருந்தால் இதற்கு டைரக்டர் எப்போதோ பதில் எழுதி வைத்திருப்பார். டிக்கெட் வாங்கியவர் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். ஆனால் இது வீடியோ விளையாட்டு. பதில் சொல்லவேண்டியவர், திரைக்கு முன்னால் பொத்தான்களில் விரல் வைத்து உட்கார்ந்திருப்பவர். அதுவும் சில விநாடிகளுக்குள் சொல்லவேண்டும்.

2012-ஆம் ஆண்டில் வெளிவந்த "த வாக்கிங் டெட்" என்ற விளையாட்டின் முதல் பாகத்தில் வரும் கட்டம் இது. உலகெங்கும் ஏராளமானோர் இந்த இடத்தில் திகைத்து நின்றார்கள். பெரும்பாலோர் கார்லியைக் காப்பாற்றினார்கள். மற்றவர்கள் டக்கைக் காப்பாற்றினார்கள்.

மூன்றாம் பாகம் வந்தது. இரு கட்சியாருக்கும் ஒரே செய்திதான் காத்திருந்தது. முன்பு பிழைத்தவர் கார்லியானாலும் சரி, டக்கானாலும் சரி, லில்லி என்ற பெண்ணின் துப்பாக்கிக்குப் பலி!

அப்படியானால் மருந்துக் கடையில் பட்ட தவிப்பெல்லாம் எதற்கு? ஆடுபவர் எடுக்கும் முடிவுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா, அல்லது குழந்தை கையில் கொடுத்த பொம்மை ஸ்டியரிங்கா? அன்று எழுந்த இந்தச் சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை.

தொடர்கதையின் தம்பி

வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்தவர்களுக்கு இவ்வகை விளையாட்டின் சுவை எளிதில் புரியும். கதை முழுவதையும் ஒரே தடவையில் தருவதில்லை. பாகம் பாகமாக விற்கிறார்கள். ஒவ்வொரு பாகமும் ஒரு சினிமா ஓடும் நேரம் ஓடும். இக்கட்டான இடம் பார்த்துத் "தொடரும்" போட்டுவிடுவார்கள். அடுத்த பாகம் வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தொடர்கதையில் இல்லாத ஒன்று இதில் உண்டு. இடையிடையே கதை நின்று, ஆடுபவரைப் பார்த்துக் கேள்வி கேட்கும். உண்மையைச் சொல்வதா, மறைப்பதா? இருக்கிற கொஞ்சம் ரொட்டியை யாருக்குக் கொடுப்பது? திருடனை விடுவதா, அடிப்பதா? சொல்லும் பதில் கணக்கில் ஏறும். அடுத்த பாகத்துக்கும் கூடவே வரும்.

இந்தப் பாணியைப் பிரபலமாக்கியவர்கள் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து சான் ரஃபேல் நகரிலிருந்த டெல்டேல் கேம்ஸ் நிறுவனத்தார். லூகாஸ்ஆர்ட்ஸ் என்ற பெரிய நிறுவனத்திலிருந்து வெளியேறிய சிலர் 2004-ல் தொடங்கியது அது. ராபர்ட் கிர்க்மன் 2003 முதல் எழுதிவந்த படக்கதையின் உலகத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் சொந்தமாக ஒரு கதையை அமைத்தார்கள். 2012 ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை ஐந்து பாகங்கள் வந்தன.

கதாநாயகர் லீ எவரெட், சரித்திரப் பேராசிரியராக இருந்தவர். மனைவியோடு தொடர்பு வைத்திருந்த அரசியல் பிரமுகரைக் கொன்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, போலீஸ் காரில் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் கார் கவிழ்கிறது. பிணங்கள் எழுந்து நடக்கும் புதிய உலகத்தில் அவர் கண் விழிக்கிறார். தாய் தகப்பன் வெளியூர் போயிருக்க, வீட்டில் தனியாக ஒளிந்திருக்கும் எட்டு வயதுச் சிறுமி கிளமென்டைன் அவர் பொறுப்பில் வந்து சேருகிறாள். கொலைகாரர் ஒருவர் ஒரு குழந்தையை எப்படி வளர்ப்பார் என்பதே கதை.

ஆடுபவரின் முடிவுகளுக்கு ஏற்பக் கதை உருவாகும் என்று தொடக்கத்திலேயே திரையில் அறிவிப்பு வரும். ஏதாவது சொன்னாலோ செய்தாலோ, கிளமென்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள் என்று மூலையில் ஒரு வரி தோன்றி மறையும். அந்த ஒரு வரிக்குப் பயந்து நல்ல வார்த்தை பேசியவர்கள் ஏராளம்!

கணக்கு என்ன சொல்கிறது?

கதையை ஒரு தடவை ஆடி முடித்தவர்களுக்குப் பெரிய மனக்குறை இல்லை. கண்ணீரோடு எழுந்தார்கள். இரண்டாம் முறை வேறு பதில்களைச் சொல்லி ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் சாயம் வெளுத்தது.

பண்ணையில் டிராக்டருக்கடியில் சிக்கிய ஷானைக் காப்பாற்ற ஓடினாலும் அவன் சாவான், ஓடாவிட்டாலும் சாவான். நான்காம் பாகத்தில் பென் என்ற பையனைக் கைவிடலாம், தூக்கியும் விடலாம்; தூக்கிவிட்டால் ஐந்தாம் பாகத்தில் சாவான். பிணத்திடம் கடிபட்ட லீ தன் கையையே வெட்டிக்கொள்ளலாம், வெட்டாமலும் இருக்கலாம். எப்படியும் அவருக்கு விடிவில்லை.

ஏன் இப்படி? தயாரித்தவர்களின் சோம்பேறித்தனமா? காகிதத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

ஒரு கேள்விக்கு இரண்டு பதில் என்றால் இரண்டு கதை. இரண்டாம் கேள்வியில் நான்கு கதை. மூன்றாவதில் எட்டு. ஒவ்வொரு பதிலும் கதையை நிரந்தரமாகப் பிரித்துவிடுமானால் பத்தாவது கேள்வியில் 1,024 கதைகள்; இருபதாவது கேள்வியில் 10,48,576 கதைகள்! ஒவ்வொரு கதைக்கும் வசனம் எழுதவேண்டும். நடிகர்களை அழைத்துக் குரல் பதிவு செய்யவேண்டும். முகபாவமும் நடையும் வரையவேண்டும். அதையும் அடுத்த பாகத்துக்குச் சொன்ன தேதிக்குள் முடிக்கவேண்டும். எந்தக் கம்பெனியாலும் ஆகிற காரியமா?

ஆகவே ரயில்வேக்காரர்கள் செய்வதையே இவர்களும் செய்தார்கள். ஸ்டேஷனுக்கு முன்னால் வண்டியை லூப் லைனில் திருப்புவார்கள். பிளாட்பாரம் வேறு, காட்சி வேறு. ஸ்டேஷனைத் தாண்டியதும் வண்டி பழையபடி மெயின் லைனுக்கு வந்துவிடும். கார்லி உயிரோடிருக்கும் கதை ஒன்று, டக் உயிரோடிருக்கும் கதை ஒன்று என்று இரண்டையும் கடைசிவரை இழுத்துச் செல்வது பெரும் செலவு. லில்லியின் துப்பாக்கிக் குண்டு அந்தச் செலவுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

பழைய தந்திரம்

இந்தத் தந்திரம் கம்ப்யூட்டர் விளையாட்டோடு பிறந்ததல்ல. 1967-ஆம் ஆண்டு கனடாவில் மாண்ட்ரியால் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் செக்கோஸ்லோவாகியா நாட்டு அரங்கில் ஓர் அதிசயப் படம் காட்டினார்கள். "கினோஆட்டோமாட்" என்று பெயர். ராடுஸ் சின்செரா என்பவரின் படைப்பு. ஒவ்வொரு ஆசனத்திலும் சிவப்பு, பச்சை என இரண்டு பொத்தான்கள். முக்கியமான கட்டங்களில் படம் நிற்கும். மேடைக்கு ஒருவர் வந்து, கதாநாயகன் இப்போது என்ன செய்யவேண்டும் என்று சபையைக் கேட்பார். ஓட்டு எண்ணப்படும். பெரும்பான்மை எதுவோ, அந்தக் காட்சி ஓடும்.

படம் ஒரு குடியிருப்புக் கட்டிடம் தீப்பற்றி எரிவதில் தொடங்கி, அது எப்படி நேர்ந்தது என்று பின்னோக்கிச் செல்லும். சபையோர் எப்படி ஓட்டுப் போட்டாலும் கடைசியில் கட்டிடம் எரிந்தே தீரும்! இரண்டு புரொஜக்டர்களும் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருக்கும்; ஓட்டுக்கு ஏற்ப ஒன்றின் கண்ணை மூடி மற்றொன்றின் கண்ணைத் திறப்பார்கள். இவ்வளவுதான் அந்த அதிசயத்தின் இரகசியம்.

உண்மையாகவே கிளை பிரிந்த கதைகளும் உண்டு. 1979-ல் அமெரிக்காவில் எட்வர்டு பேக்கார்டு எழுதி வெளிவந்த "காலக் குகை" என்ற சிறுவர் நூல் அப்படிப்பட்டது. உள்ளே போவதானால் இந்தப் பக்கத்துக்குத் திருப்பு, திரும்பிப் போவதானால் அந்தப் பக்கத்துக்குத் திருப்பு என்ற முறையில் சுமார் 40 முடிவுகள். அதற்குக் கொடுத்த விலை என்ன? மெல்லிய புத்தகத்தில் 40 முடிவுகளை அடைத்தால் ஒவ்வொரு கதையும் சில பக்கங்களிலேயே முடிந்துவிடும். யாரையும் பழகித் தெரிந்துகொள்ள நேரம் இல்லை. கிளை பெருகினால் ஆழம் குறையும். ஆழம் வேண்டுமானால் கிளையை வெட்டவேண்டும். புத்தகத்துக்கும் விளையாட்டுக்கும் இது பொது விதி.

நிறம் மூன்று, சுவை ஒன்று

விதி இப்படியிருக்க, விளம்பரம் வேறுவிதமாகப் பேசியதால்தான் வம்பு வந்தது.

கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் "மாஸ் எஃபெக்ட்" என்ற விண்வெளிக் கதையை மூன்று விளையாட்டுகளாக வெளியிட்டது. முதல் விளையாட்டில் எடுத்த முடிவு மூன்றாவது வரை தொடரும் என்பது இதன் பெருமை. ஐந்து வருடம் கூடவே வந்தவர்கள் கடைசிக் காட்சியைப் பார்த்துக் கொதித்தார்கள். எத்தனையோ முடிவுகளை எடுத்து வந்தும், இறுதியில் கிடைத்தவை பெரும்பாலும் நிறத்தில் மட்டும் வேறுபட்ட காட்சிகள். சிவப்பு வெளிச்சம், பச்சை வெளிச்சம், நீல வெளிச்சம்.

ரசிகர்கள் நூதனமாகக் கண்டனம் தெரிவித்தார்கள். பணம் வசூல் செய்து, சுமார் 400 சிறிய கேக்குகளை பயோவேர் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். மேலே பூசியிருந்தது சிவப்பு, பச்சை, நீலம். கடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வெனிலா! நிறுவனம் அவற்றை அநாதரவான இளைஞர்களுக்கான விடுதிக்கு வழங்கிவிட்டது. அதே 2012 ஜூன் மாதம் விரிவுபடுத்திய முடிவுக் காட்சிகளை இலவசமாக வெளியிட்டது. ஆடுபவர்கள் எடுத்த முடிவு கதைக்குள் செல்லுபடியாகவில்லை; கதைக்கு வெளியே செல்லுபடியாயிற்று.

கணக்குக் கேட்க வந்தவர்

இவ்வளவையும் தெரிந்த பிறகும் "த வாக்கிங் டெட்" விளையாட்டை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியவில்லை. அதற்குக் காரணம், அதிலுள்ள வேறொரு கட்டம்.

இரண்டாம் பாகத்தின் முடிவில், பசியால் வாடும் லீயின் கூட்டத்தார் காட்டுக்குள் ஒரு காரைக் காண்கிறார்கள். உள்ளே உணவு. ஆள் யாரும் இல்லை. சொந்தக்காரர் திரும்பி வரலாம். எடுப்பதா, விடுவதா? லீ மறுத்தாலும் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இங்கும் முடிவு ஒன்றே.

ஐந்தாம் பாகத்தில் அந்தக் காரின் சொந்தக்காரர் வருகிறார். திருட்டால் குடும்பத்தை இழந்தவர் அவர். கிளமென்டைனைத் தூக்கிச் சென்றவரும் அவரே. ஓட்டல் அறையில் லீயை எதிரே உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அந்த ஆளைக் கொன்றாயே, ஏன்? அந்தப் பெண்ணை விட்டுவிட்டு வந்தாயே, ஏன்? ஆடுபவர் ஐந்து பாகங்களில் செய்ததெல்லாம் அங்கே பேரேடு போல விரிகிறது. உணவை எடுக்க மறுத்தவர் ஒருவிதமாகத் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம். எடுத்தவர் வேறுவிதமாகத்தான் சொல்லமுடியும். அறையின் கதவு இருவருக்கும் ஒரே மாதிரிதான் திறக்கிறது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த மனிதர் ஒருவரல்ல.

தெருக்கூத்தில் அபிமன்யு சக்கர வியூகத்திலிருந்து திரும்பமாட்டான் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள். முடிவு தெரிந்திருப்பதால் அழுகை குறைவதில்லை. ஆனால், அபிமன்யுவைக் காப்பாற்றலாம் வாருங்கள் என்று தமுக்கடித்துக் கூட்டம் சேர்ப்பதில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. முடிவு மாறும் என்று விற்றுவிட்டு மாறாத முடிவைத் தந்தால் வாங்கியவர் கேட்கத்தான் கேட்பார்.

பிரான்சு நாட்டு டோன்ட்நாட் நிறுவனம் 2015-ல் ஐந்து பாகங்களாகத் தயாரித்த "லைஃப் இஸ் ஸ்டிரேஞ்ச்" என்ற விளையாட்டு இந்தச் சிக்கலையே கதைப்பொருளாக்கியது. கதாநாயகி மாக்ஸுக்குக் காலத்தைச் சற்றுப் பின்னோக்கித் திருப்பும் சக்தி உண்டு. ஒரு பதில் சரியில்லை என்றால் திருப்பி வேறு பதில் சொல்லலாம். இரண்டாம் பாகத்தில் கேட் என்ற மாணவி அவமானம் தாங்காமல் மாடி விளிம்பில் நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து மாக்ஸின் சக்தி ஓய்ந்துவிடுகிறது. பேச்சால்தான் அவளை இறக்கவேண்டும். முன்பு அவளிடம் காது கொடுத்துப் பேசியவருக்கு, அவள் வீட்டார் பற்றித் தெரியும். என்ன சொன்னால் மனம் இளகும் என்றும் தெரியும். பேசாதவர் தடுமாறுவார். கேட் பிழைப்பதும் சாவதும் உண்மையாகவே ஆடுபவர் கையில்.

ஆனால் கடைசியில்? தோழி குளோவியா, ஊரா என்று ஒரே கேள்வி. அதுவரை செய்தது எதுவானாலும் முடிவு இரண்டுதான். 2024-ல் மாக்ஸின் கதையைத் தொடர்ந்து வேறொரு விளையாட்டு வந்தது. தோழியைக் காப்பாற்றினாயா என்று அது தொடக்கத்திலேயே விசாரித்துக்கொண்டது. காப்பாற்றியிருந்தாலும், இருவரும் பிரிந்துபோனார்கள் என்று சொல்லி அவளைக் கதைக்கு வெளியே நிறுத்திவிட்டது. மறுபடியும் மெயின் லைன்!

முடிவெடுக்க உரிமை இல்லாதவர்கள்

ஆடுபவர்களுக்குத் தேர்வு உண்டா என்று உலகம் விவாதித்துக்கொண்டிருந்தபோது, தேர்வே இல்லாத ஒரு கூட்டம் இருந்தது. விளையாட்டைத் தயாரித்த ஊழியர்கள்தான் அவர்கள்.

ஒரு தொடர் முடிவதற்குள் அடுத்தது, அதற்குள் இன்னொன்று என்று டெல்டேல் நிறுவனம் வேலையைக் குவித்தது. பாகம் பாகமாக வெளியிடுவதில் ஓய்வு என்பதே கிடையாது. ஒரு கெடு தீர்ந்தால் மறு கெடு. ஊழியர்கள் இரவும் விடுமுறை நாளும் உழைத்த விவரங்கள் பின்னர் பத்திரிகைகளில் வெளிவந்தன. கதைகள் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கின்றன என்று ரசிகர்கள் சலித்துக்கொண்டதற்கும் இந்த அவசரத்துக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. கிளை விரிக்க நேரம் வேண்டும்.

2018 செப்டம்பர் 21, வெள்ளிக்கிழமை. சுமார் 225 பேர் ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். எஞ்சியவர்கள் 25 பேர். நீக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈட்டுத் தொகை தரப்படவில்லை. கூட்டமாக ஆட்குறைப்பு செய்யும் பெரிய நிறுவனம் 60 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது. அது மீறப்பட்டது என்று முன்னாள் ஊழியர் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார்.

அப்போது கிளமென்டைனின் கடைசித் தொடர் பாதியில் நின்றது. நான்கு பாகங்களில் ஒன்று வெளியாகியிருந்தது; இரண்டாவது, ஆட்குறைப்புக்கு நான்கு நாள் கழித்து வந்தது. மற்ற இரண்டும் வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. படக்கதை ஆசிரியர் கிர்க்மனின் ஸ்கைபவுண்ட் நிறுவனம் முன்வந்து பொறுப்பேற்றது. பழைய ஊழியர்களில் பலரைத் திரும்ப அழைத்தது. "இன்னும் கடிபடாதவர்கள்" என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு அவர்கள் வந்து அமர்ந்தார்கள். 2019 மார்ச்சில் கதை முடிந்தது.

பாலத்தின் மேல்

அந்தக் கடைசிப் பாகத்தில் ஒரு காட்சி. கிளமென்டைன் இப்போது வளர்ந்த பெண். லீ அவளை வளர்த்ததுபோல, ஏஜே என்ற சிறுவனை அவள் வளர்க்கிறாள். கடினமான நேரத்தில் நானே முடிவெடுக்கலாமா, என்னை நம்புகிறாயா என்று அவன் கேட்கிறான். ஆடுபவர் ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

பிறகு ஒரு பாலம். பிணங்கள் நெருங்குகின்றன. டென் என்ற சிறுவன் நகராமல் நிற்கிறான். அவனை இழுத்துவர நண்பர் ஒருவர் ஓடுகிறார். இருவரில் ஒருவர்தான் பிழைப்பார் என்ற நிலை. மருந்துக் கடையில் நேர்ந்த அதே நிலை. ஆனால் இம்முறை திரையில் கேள்வி வருவதில்லை. முடிவு ஏஜேயினுடையது. நம்புகிறேன் என்று சொல்லி வளர்த்திருந்தால் அவன் துப்பாக்கியைத் தூக்குவான். டென் சாவான், நண்பர் பிழைப்பார். நம்பவில்லை என்று சொல்லியிருந்தால் அவன் கை எழாது; டென் பிழைப்பான், நண்பர் சாவார்.

ஏழு வருடச் சர்ச்சைக்கு, வேலை போய்த் திரும்பி வந்தவர்கள் தந்த பதிலாக இதைக் கொள்ளலாம். கதையின் கடைசி ஸ்டேஷன் இங்கும் மாறவில்லை. கிளமென்டைன் ஒரு காலை இழந்தும் பிழைப்பதே எல்லோருக்கும் கிடைக்கும் முடிவு. மாறியது, ஒரு குழந்தைக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதும், அதனால் யார் இல்லாமல் போனார் என்பதும்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அன்று அந்த ரயிலில் ஏறாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இரண்டாம் முறை ஆடிப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழியில்லை. யாருக்கு மணியார்டர் அனுப்பினோம், யாருக்குக் கடிதம் போடாமல் விட்டோம் என்பது மட்டும் அவரவர் கணக்கில் இருக்கிறது. நல்ல விளையாட்டு கேட்கும் கணக்கும் அதுதான்.